ஒன்பது முப்பத்தொன்றுக்கு ஒரு நன்றி

மென்பொருள் நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்கள் மென்பொருள் எழுதுகிறார்கள் என்று ஒரு நம்பிக்கை நாட்டில் பரவிக் கிடக்கிறது. இதை உடனே திருத்திவிட வேண்டும் ஐயா. மிகப் பெரிய தவறு. பெண் கொடுப்பவர்கள், வீட்டுக்கடன் கொடுப்பவர்கள் எல்லாரும் இதை நம்பித்தான் கொடுக்கிறார்கள். உண்மையில் யாரும் எழுதுவதில்லை. ஏற்கெனவே யாரோ எழுதி வைத்ததை எடுத்து, பெயரை மாற்றி, ஒட்டுகிறார்கள். இருபத்தாறு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். எல்லாவற்றையும் தானே எழுதிய ஒரே ஒரு ஆளைப் பார்த்திருக்கிறேன். அவர் எழுதியது ஓடவில்லை.

கண்ணைத் திறக்காதீர்கள். போன தடவை இந்தக் கண் ஆஸ்பத்திரியில் ஒருவர் திறந்து திறந்து பார்த்து, மூன்று முறை சொட்டு விட்டும் கண்மணி விரியாமல், மதியச் சாப்பாடும் போய் உட்கார்ந்திருந்தார். நாற்பது நிமிடம் மூடியே இருக்க வேண்டும். செய்தித்தாள் கிடையாது, செல்போன் கிடையாது. எதையும் படிக்க முடியாத நாற்பது நிமிடத்தை நான் இதுவரை அனுபவித்ததில்லை. அதனால்தான் பேசுகிறேன். மற்றபடி பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் பேசுகிற ஆள் இல்லை நான்.

என் பெயர் குற்றாலிங்கம். செங்கோட்டைப் பக்கம், இப்போது மேடவாக்கம். நர்ஸ் உங்களை மாசிலாமணி என்று கூப்பிட்டதையும், பம்மலில் தையல் கடை என்று நீங்கள் சொன்னதையும் கேட்டேன். நான் பேசுவது புத்தகம் மாதிரி இருக்கிறதா? என் தங்கை அப்படித்தான் சொல்வாள். மஸ்கட்டில் இருக்கிறாள். திருத்திக்கொள்ள எனக்கு வாய்ப்பு அமையவில்லை, பேச்சைத் திருத்த ஒரு ஆளாவது எதிரில் இருக்க வேண்டுமே.

படிவத்தில் 'உடன் வந்தவர்' என்று ஒரு கட்டம் இருந்தது, கவனித்தீர்களா? உங்கள் மகள் வெளியே உட்கார்ந்திருக்கிறார், நீங்கள் எழுதிவிட்டீர்கள். நான் காலியாக விட்டேன். காலியாக விடக் கூடாது என்று அந்தப் பெண் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார். நான் ஆட்டோவில் வந்தேன், ஆட்டோக்காரர் வாசலில் காத்திருக்கிறார். அவரும் என் உடன்தானே வந்தார்? போய்ப் பெயர் கேட்டு வந்து எழுதினேன். சொல்லின் பொருளைப் பார்த்தால் அதில் ஒரு தவறும் இல்லை. 'உறவு' என்ற கட்டத்தில் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. 'வாகனம்' என்று போட்டேன். வாங்கிக்கொண்டார்கள்.

எங்கே விட்டேன்? எடுத்து ஒட்டுவது. உங்கள் கடையில் காலருக்கு அட்டை வெட்டி ஆணியில் மாட்டியிருப்பீர்கள் அல்லவா? பதினாலரை, பதினைந்து, பதினைந்தரை. சட்டைக்குச் சட்டை காலரைப் புதிதாகக் கண்டுபிடித்துக்கொண்டா இருப்பீர்கள்? அட்டையை எடுத்துத் துணிமேல் வைத்து வெட்ட வேண்டியதுதான். எங்கள் தொழிலிலும் அப்படி அட்டைகள் உண்டு. ஐந்து வரி, பத்து வரி. தேதியைத் திருப்புவதற்கு ஒன்று, பெயர்ப் பட்டியலில் இரட்டிப்பை நீக்குவதற்கு ஒன்று. துணுக்கு என்று நான் சொல்வேன். அலுவலகத்தில் ஸ்னிப்பெட் என்பார்கள். அதோடு குறிப்புகள், இதைச் செய், இதைச் செய்யாதே என்பவை. இந்த இரண்டையும் சேகரிப்பதுதான் என் வேலை. சம்பளத்துக்கான வேலை வேறு, அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

மொத்தம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு. ஒவ்வொன்றையும் என் கணினியில் ஓட்டிப் பார்க்காமல் சேர்த்ததில்லை. ஒவ்வொன்றின் கீழும் யாரிடமிருந்து வந்தது என்று பெயர் இருக்கும். அது என் விதி. எங்களிடம் ஒருவர் வேலையை விட்டுப் போகும் நாளில் கேக் வெட்டுவார்கள். எல்லாரும் கேக்குக்கு வருவார்கள், நான் நோட்டுப் புத்தகத்தோடு வருவேன். "போவதற்கு முன் ஒரு குறிப்பு கொடுத்துவிட்டுப் போங்கள்" என்பேன். ஆரம்பத்தில் சிரித்தார்கள். பிறகு பழகிவிட்டது. "குற்றாலிங்கம் சாருக்குக் கப்பம் கட்டியாச்சா?" என்று போகிறவரைக் கேலி செய்வார்கள். இப்படி இருநூற்றுப் பதினான்கு பேர் கொடுத்திருக்கிறார்கள். அவர்களெல்லாம் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. குறிப்பு இருக்கிறது.

எழுபத்தேழாவது குறிப்பு அருளானந்தம் கொடுத்தது. பன்னிரண்டு வாடிக்கையாளர்களை நீக்கச் சொன்னால், ஒரு சொல்லை விட்டுவிட்டுப் பன்னிரண்டாயிரம் பேரையும் நீக்கிவிட்டார். அவருக்குக் கேக்கெல்லாம் வெட்டவில்லை. ஆனாலும் போனேன். பையில் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். கேட்டேன். "அழிக்கறதுக்கு முன்னாடி எத்தனைன்னு எண்ணிப் பாரு. போட்டுக்க" என்றார். தங்கமான குறிப்பு ஐயா. அதற்கு மேல் அவரிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

முதலில் நோட்டுப் புத்தகத்தில்தான் எழுதி வைத்தேன். ஒன்பது வருடத்துக்கு முன்பு ஒரு மின்னஞ்சல் பட்டியல் தொடங்கினேன். பட்டியல் என்றால், ஒரு முகவரிக்குப் போட்டால் அதில் உள்ள அத்தனை பேருக்கும் போய்ச் சேரும். எங்களுக்குச் சென்னை, கோவை, இரண்டு அலுவலகம், முன்னூற்று நாற்பத்தொரு பேர். வார நாள்களில் தினமும் காலை ஒன்பதரைக்கு ஒரு குறிப்பு. மழை, வெள்ளம், டைபாய்டு, ஒன்றுக்கும் நிறுத்தவில்லை.

படித்தார்களா என்று கேட்கிறீர்கள். எல்லாரும் அதையே கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நல்ல குறிப்பு என்பது தீயணைப்புக் கருவி மாதிரி, சுவரில் இருந்தால் போதும், தினமும் எடுத்துக் கொஞ்ச வேண்டியதில்லை. நான் பதிலை எதிர்பார்த்ததே இல்லை. ஏழு வருடம் ஒரு பதிலும் வரவில்லை, நான் ஒரு நாள்கூட அதை நினைத்துப் பார்த்ததில்லை. ஏழு வருடம், இரண்டு மாதம்.

அப்புறம் கோவையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பூங்கோதை என்று ஒரு பெண், புதிதாகச் சேர்ந்தவர். தேதியை வருடத்தில் தொடங்கி, மாதம், நாள் என்று எழுதினால் வரிசை தானாகச் சரியாகிவிடும் என்று நான் போட்டிருந்தேன். இரண்டு நாளாக அதற்குத்தான் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன் சார், உங்கள் குறிப்பைப் பார்த்ததும் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது என்று எழுதியிருந்தார். ஆறு வரி. ஆங்கிலத்தில்தான் எழுதுவோம், உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன்.

நானும் பதில் எழுதினேன். நான்கு பக்கம் வந்தது. தேதி என்று பேச்சு எடுத்துவிட்டால் நாட்காட்டி எப்படி வந்தது, நடுவில் பத்து நாள் எப்படிக் காணாமல் போனது, இதெல்லாம் சொல்லாமல் விட முடியாது. மறுநாள் அன்றைய குறிப்பு உதவியதா என்று கேட்டு எழுதினேன். அதற்கு மறுநாளும் கேட்டேன். அவரும் எழுதினார். முதலில் ஆறு வரி என்றேனா, அடுத்து மூன்று, அடுத்து இரண்டு, பிறகு 'சரி சார்'. சுருங்கச் சொல்லுதல் இந்தத் தொழிலில் பெரிய குணம், நன்றாகக் கற்றுக்கொள்கிறார் என்று மகிழ்ந்தேன். நடுவில் இரண்டு நாள் பதில் இல்லை. போன் போட்டு உடம்புக்கு ஏதாவதா என்று விசாரித்தேன். இல்லை என்றார். அதன் பிறகு ஓர் ஒழுங்கு வந்துவிட்டது.

ஆயிரத்து ஐந்நூற்று நாற்பத்தொன்றாம் குறிப்பிலிருந்து ஒரு நாள் தவறவில்லை ஐயா. ஒன்பதரைக்கு நான் அனுப்புவேன். ஒன்பது முப்பத்தொன்றுக்குப் பதில் வரும். "மிக்க நன்றி சார். மிகவும் பயனுள்ளது." ஓர் எழுத்து மாறாது. எந்த வேலையில் இருந்தாலும் ஒரே நிமிடத்தில் படித்து, புரிந்துகொண்டு, பதிலும் போட்டுவிடுகிறார் என்றால் எவ்வளவு கூர்மையான பெண்ணாக இருக்க வேண்டும். பொங்கலுக்கு அலுவலகம் விடுமுறை. முன்கூட்டியே நேரம் குறித்து வைத்திருந்தேன், குறிப்பு தானாகப் போயிற்று. அன்றைக்கும் ஒன்பது முப்பத்தொன்று. பொங்கல் பானையை அடுப்பில் விட்டுவிட்டு வந்து எழுதியிருப்பார் போலிருக்கிறது என்று எனக்குச் சங்கடமாகிவிட்டது. ஒரு நாள் கை தவறி, உள்ளே ஒன்றுமே எழுதாமல் வெறும் கடிதத்தை அனுப்பிவிட்டேன். மிகவும் பயனுள்ளது என்று வந்தது. நாகரிகம் என்றால் அதுதான். காலி கடிதம் அனுப்பினீர்களே என்று கேட்டு ஒரு மனிதனை மனம் நோகச் செய்யவில்லை பாருங்கள்.

தப்பாக நினைக்காதீர்கள். எனக்கு ஐம்பத்தோரு வயது. அந்தப் பெண்ணின் முகம்கூட எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்பு குறிப்புகளை முன்னூற்று நாற்பத்தொரு பேருக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அதன் பிறகு எழுதும்போது, இது கோவையில் புரியுமா, இந்த இடத்தில் ஓர் உதாரணம் சேர்க்கலாமா என்று பார்க்க ஆரம்பித்தேன். எழுத்து திருந்திற்று. ஒன்பது இருபதுக்கே இடத்தில் உட்கார்ந்துவிடுவேன். ஒன்பது முப்பத்தொன்று முடிந்ததும் கேரியரைத் திறந்து இட்லி சாப்பிடுவேன். இருபது மாதம். என் வாழ்க்கையில் நல்ல காலம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், வேறு எதையும் யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

சித்திரையில் ரெஜினால்ட் வந்தார். எங்கள் அலுவலகத்தில் கணினி, மின்னஞ்சல் எல்லாம் அவர் பொறுப்பு. நல்ல மனிதர், கையில் எப்போதும் ஒரு ஒயர் இருக்கும். நிறுவனம் ஓர் இயந்திரம் வாங்கியிருக்கிறது, என்ன கேட்டாலும் சொல்லும், துணுக்கு வேண்டுமென்றால் எழுதியே கொடுத்துவிடும், அதனால் பழைய பட்டியல்களையெல்லாம் மூடச் சொல்லிவிட்டார்கள் என்றார். நான் கேட்டேன், அந்த இயந்திரம் யாரிடமிருந்து எடுத்தது என்று கீழே பெயர் போடுமா? ரெஜினால்ட் ஒயரைச் சுற்றிக்கொண்டே, போடாது சார் என்றார். என் முகத்தைப் பார்த்து அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். ஒரு வழி சொன்னார். பட்டியலுக்கே ஓர் அறிவிப்பு போடுகிறேன், பத்து நாளில் ஐந்து பேர் பட்டியல் வேண்டும் என்று எழுதினால் விட்டுவிடலாம், அந்த ஐந்தில் நீங்கள் சேர்த்தி இல்லை என்றார்.

ஐந்து. முன்னூற்று நாற்பத்தொன்றில் ஐந்து. நான் கவலைப்படவே இல்லை. ஒன்று கையில் இருந்தது. மிச்சம் நான்குதானே.

நான்காம் நாள் காலை ஒன்பது மணிக்குக் கேண்டீன் வாசலில் ரெஜினால்ட் என்னை நிறுத்தினார். "ஒருத்தர்தான் சார் பதில் போட்டிருக்காங்க" என்றார். கோவையா என்று கேட்டேன். ஆமாம் என்றார். எனக்கு எப்படி இருந்திருக்கும் பாருங்கள். என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்டேன். அவர் செல்போனை எடுத்துக் காட்டினார். 'இந்தப் பட்டியலை மூடப் போகிறோம்' என்ற அறிவிப்புக்குக் கீழே, "மிக்க நன்றி சார். மிகவும் பயனுள்ளது."

ரெஜினால்ட் மெல்ல, "மூடறதுக்கு தேங்க்ஸ் சொல்லியிருக்காங்க சார்" என்றார்.

இட்லி அன்றைக்கு அப்படியே வீட்டுக்குத் திரும்பிற்று.

நான் கோபப்படுகிறவன் இல்லை. ஆனால் ஒரு விளக்கம் கேட்க எனக்கு உரிமை உண்டு என்று நினைத்தேன். இருபது மாதம் தினமும் பயனுள்ளது என்று சொல்லிவிட்டு, மூடுவதும் பயனுள்ளது என்றால், இரண்டில் ஒன்று பொய். இரண்டும் உண்மையாக இருக்க முடியாது. தர்க்கம் இடம் கொடுக்கவில்லை. போனில் கேட்கிற விஷயமும் இல்லை. இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கோவைக்குப் போனேன். எங்கள் கோவை அலுவலகத்தை அதுவரை நான் பார்த்ததே இல்லை. காலை பதினொரு மணிக்கு வரவேற்பில் உட்கார்ந்து, சென்னையிலிருந்து குற்றாலிங்கம் வந்திருக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெண் படியிறங்கி வந்தார். சின்னப் பெண், கண்ணாடி போட்டிருந்தார்.

"டிப்ஸ் சாருங்களா?" என்றார்.

எனக்கு அப்படி ஒரு பெயர் இருப்பது அப்போதுதான் தெரியும்.

உட்காரச் சொல்லி, காபி வாங்கி வந்து வைத்தார். நான் அந்த அறிவிப்பையும் பதிலையும் அச்செடுத்து எடுத்துப் போயிருந்தேன். மேஜைமேல் வைத்தேன். படித்தார். முகம் சிவந்துவிட்டது.

"தப்பா நெனச்சுக்காதீங்க சார். இது நான் எழுதலீங்க. உங்க லிஸ்ட்ல இருந்து எது வந்தாலும் தானா நன்றி போற மாதிரி வச்சிருக்கேன். மூடற நோட்டீஸும் அதுலதான வந்துச்சு, அதுக்கும் போயிருச்சு."

ஐயா, அந்த நிமிடத்தில் எனக்கு வந்த நிம்மதியை எப்படிச் சொல்வேன். நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டது. அவர் மூடுவதற்கு நன்றி சொல்லவில்லை. தானாகப் போனது. இரண்டில் ஒன்றும் பொய் இல்லை, தர்க்கம் காப்பாற்றப்பட்டது. அப்பாடா என்று காபியைக் குடித்தேன்.

நீங்கள் ஏன் உச்சுக் கொட்டுகிறீர்கள்? கேளுங்கள், விஷயம் இனிமேல்தான் இருக்கிறது.

தானாகப் பதில் போக வைப்பதை எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். "நீங்கதாங்க சார் போட்டிருந்தீங்க" என்றார். எனக்கு உடனே எண் வந்துவிட்டது. ஆயிரத்து ஐந்நூற்று நாற்பது. குறிப்பிட்ட இடத்திலிருந்து வரும் கடிதங்களைத் தனியாக ஒதுக்கி, தானே பதில் போடுவது எப்படி. பதினொரு வரி. பாருங்கள், ஒரு குறிப்பு பயன்பட்டதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? இருபது மாதம் தினமும் ஓடியிருக்கிறது, பொங்கலுக்குக்கூட நிற்கவில்லை. ஏதாவது மாற்றினீர்களா, அப்படியேதான் எடுத்தீர்களா என்று கேட்டேன். சும்மா பெருமைக்காகக் கேட்டது.

அவர் தயங்கினார். "ஒரு இடம் மட்டும் மாத்தினேனுங்க. நீங்க எழுதின மாதிரியே வச்சா, நன்றி உங்களுக்கு மட்டும் போகாது. லிஸ்ட்ல இருக்கற முன்னூத்தி நாப்பத்தொரு பேருக்கும் போயிரும்."

என் குறிப்பில் பிழை.

ஓட்டிப் பார்த்துத்தான் போட்டேன். ஆனால் எனக்கு நானே கடிதம் அனுப்பித்தான் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ஒரே ஆள் இருக்கும் இடத்தில் அந்தப் பிழை தெரியாது. இரண்டாவது ஆள் ஒருவர் வேண்டும். அது எனக்குத் தோன்றவில்லை.

இருபது மாதமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது, வரவேற்பில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். சொல்லலாம் என்றுதான் இருந்தாராம். சொன்னால் நான் நான்கு பக்கம் எழுதுவேன், அதற்குப் பதில் எழுத வேண்டும், அப்போது வேலை கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது, அப்படியே விட்டுப்போயிற்று என்றார். இது எனக்குப் புரியவே இல்லை. நான்கு பக்கத்துக்கு யார் பயப்படுவார்கள்? ஆனால் நான் வாதாடவில்லை. பிழை என்னுடையது. நோட்டை எடுத்து அந்த இடத்தை அவரையே எழுதிக்காட்டச் சொன்னேன். ஒரு சொல்தான். அதன் கீழே பூங்கோதை, கோவை என்று எழுதிக்கொண்டேன்.

நான் எழுந்தபோது, பட்டியல் வேண்டும் என்று இன்றைக்கே எழுதிவிடுகிறேன் சார் என்றார். நிஜமாகவே எழுதினார், ரெஜினால்ட் காட்டினார். அப்புறம் வாசல் வரை வந்தவர் அங்கே நின்றுகொண்டு சொன்னதைத்தான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

"எங்க டீம்ல ஒரு வேலை ஆறு நாளா நிக்குதுங்க சார். ஒரு நாள் ஓடுது, மறுநாள் ஓட மாட்டேங்குது. மெஷின்கிட்டக் கேட்டா பத்து வழி சொல்லுது, பத்தும் ஆகலை. நீங்க பார்த்தா தெரியும்னு தோணுது. எல்லாத்தையும் எடுத்து மெயில்ல எழுதறேன், பார்த்துச் சொல்றீங்களா?"

எழுதுங்கள் என்றேன். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். எழுதுங்கள், எழுதுங்கள் என்று இரண்டு தடவை சொன்னேன்.

மூன்று மணி ரயிலில் திரும்பினேன். ஜன்னலோர இடம். வழியெல்லாம் திருத்தத்தை எழுதி முடித்தேன். பிறகு ஒரு சிறு வேலையும் பார்த்தேன். அந்தத் தானியங்கி நன்றிகள் தினமும் வந்து என் கடிதங்களோடு கலக்கின்றன அல்லவா, மனிதர் எழுதாத கடிதம் மனிதர் எழுதியதோடு கலக்கக் கூடாது. நிறுத்துங்கள் என்று அவரிடம் சொல்ல மனம் வரவில்லை. அவர் வைத்தது, இருந்துவிட்டுப் போகட்டும். அதனால் என் பக்கத்தில் ஒரு பெட்டி செய்தேன். 'தானியங்கி' என்று பெயர் வைத்தேன். அவற்றை அதில் தள்ளிவிடச் சொல்லிக் கட்டளை எழுதினேன். இதில் ஒரு நுட்பம் உண்டு. கடிதத்தின் தலைப்பைப் பார்த்துப் பிரிக்கலாம், அனுப்புகிறவர் முகவரியைப் பார்த்தும் பிரிக்கலாம். தலைப்பு என்றால் நான்கு வரி எழுத வேண்டும். முகவரி என்றால் ஒரே வரி. ஒரே வரியில் முடிவதை நான்கு வரியில் எழுதுகிறவனை நான் மன்னித்ததே இல்லை. முகவரியை வைத்து ஒரே வரியில் முடித்தேன். காட்பாடி வருவதற்குள் வேலை ஆகிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்குத் திருத்தம் போயிற்று. அதுதான் கடைசி. ஆயிரத்து ஐந்நூற்று நாற்பதில் பிழை, கண்டுபிடித்தவர் பூங்கோதை, கோவை. ஒன்பது முப்பத்தொன்றுக்கு அதற்கும் நன்றி வந்து பெட்டியில் விழுந்தது. அதை அழித்துப் பெட்டியைக் காலி செய்தேன். அழிப்பதற்கு முன் எண்ணினேன், ஒன்றுதான். சாயங்காலம் ரெஜினால்ட் வந்து, வேண்டும் என்று ஒரே ஒருவர்தான் எழுதியிருக்கிறார் சார், ஐந்து வேண்டும் என்றார். எனக்குத் தெரியும் என்றேன். என் இடத்தில் உட்கார்ந்தே மூடினார். நான்கு விசையை அழுத்தினார், முடிந்தது. ஒன்பது வருடம். இத்தனை எளிதாக மூட முடியும் என்பது எனக்குத் தெரியாது. அதையே ஒரு குறிப்பாக எழுதலாம் என்று ஒரு கணம் தோன்றிற்று.

திங்கட்கிழமை ஒன்பதரைக்கு என்ன செய்வதென்று தெரியாமல் கேண்டீனுக்குப் போனேன். அந்த நேரத்தில் நான் அங்கே போனதே இல்லை. டோக்கன் கொடுக்கிறவர் என்னைப் பார்த்து, "விசிட்டரா சார்?" என்றார். ஒரு கணம் யோசித்துவிட்டு ஆமாம் என்றேன். விசிட்டருக்கான பச்சை டோக்கன் கொடுத்தார். இப்போதும் பச்சைதான் வாங்குகிறேன். நடுவில் மாற்றினால் விளக்கம் சொல்ல வேண்டும்.

சரி, அதை விடுங்கள். எனக்கு வருத்தம் பட்டியலைப் பற்றி இல்லை. அந்தப் பெண்ணைப் பற்றித்தான். எழுதுகிறேன் என்றார். வாசலில் நின்று, தானாகவே சொன்னார், நான் கேட்கவில்லை. ஐந்து வாரம் ஆகிறது. ஒரு வரி வரவில்லை. ஒரு நாள் ஓடி மறுநாள் ஓடாத வேலை என்றாரே, அதற்கு எனக்குத் தோன்றிய காரணங்களை எழுதி வைத்திருக்கிறேன். ஏழு காரணம். அதில் மூன்றாவதுதான் என்று அடித்துச் சொல்வேன். ஆனால் விவரம் வராமல் நான் எப்படிச் சொல்வது? நானாகப் போன் போட்டால் நன்றாக இருக்காது. முன்பு அப்படிப் போன் போட்டது அவருக்குப் பிடிக்கவில்லையோ என்று கோவையில் லேசாகத் தோன்றிற்று. அதனால் காத்திருக்கிறேன். காலையில் போனதும், மதியம், கிளம்பும்போது, மூன்று தடவை கடிதங்களைப் பார்க்கிறேன். அவர் பெயரில் ஒன்றும் இல்லை. இப்போதைய பிள்ளைகள் வாய்வார்த்தைக்குச் சொல்லிவிடுகிறார்கள். நாம்தான் நிஜம் என்று எடுத்துக்கொள்கிறோம்.

அந்தப் பெட்டியா? அதில் வருகிறது. அதைக் கணக்கில் எடுக்காதீர்கள், அது தானியங்கி. பட்டியல்தான் மூடியாயிற்றே, நான் எதுவும் அனுப்பவில்லையே, பிறகு எப்படித் தானாக நன்றி வரும் என்று கேட்கிறீர்கள். தையல்காரருக்கு இவ்வளவு தர்க்கம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நல்ல கேள்வி. ஆனால் விடை எளிது. மின்னஞ்சல் என்பது நேராக வந்து சேருகிற பொருள் இல்லை. வழியில் வரிசையில் நிற்கும், சில சமயம் வாரக்கணக்கில் தேங்கிப் பிறகு வரும். அறுநூற்றுப் பதினெட்டாவது குறிப்பு அதைப் பற்றியதுதான். பழைய நன்றிகள் எங்கேயோ தேங்கிக் கிடந்து இப்போது ஒவ்வொன்றாக வந்து விழுகின்றன.

திறந்து பார்க்கச் சொல்கிறீர்கள். கண்ணில் இந்தச் சொட்டோடு யாருக்கும் எழுத்து தெரியாது. தெரிந்தாலும், நூற்றுக்கணக்கான தடவை படித்த இரண்டே வாக்கியம், அதில் புதிதாக என்ன இருக்கப் போகிறது?

பட்டியல் மூடிய மறு வியாழன் அந்தப் பெட்டியில் ஒன்று என்று காட்டிற்று. பத்து நாள் கழித்து இரண்டு ஆயிற்று. இன்று காலை ஆட்டோவில் வரும்போது பார்த்தேன், மூன்று.